ஏழு பேருக்கு மட்டும்

பூட்டிக் கிடந்த ஆபீசில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, யாரோ ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சர்வர் அப்படித்தான் சொன்னது. இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று டேரின் பெஸ்விக் கேட்டதற்கு, அது கொஞ்சமும் யோசிக்காமல் ஒரே ஒரு பெயரைக் காட்டியது. வெண்டி. ஏழாவது மேசை. கடைசியாக விசையைத் தட்டி நான்கு நொடி ஆகிறது.

டேரின் சர்வர் அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். குவீன்ஸ்டவுன் கடைத்தெருவில் இருக்கிற எல்லாக் கட்டடங்களையும் போல அதுவும் முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் இருட்டு என்று ஒடுக்கமாக நீண்டு கிடக்கிற கட்டடம். இடது சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மேசைகள். ஆறில் கணினி இருந்தது, ஆறும் அணைந்திருந்தன. ஏழாவதில் ஒன்றுமே இல்லை. வெறும் மேசை, அதற்குமுன் ஒரு நாற்காலி. பக்கத்துச் சுவரில் வயர் செருகுகிற ஓட்டையைக்கூடப் பெயிண்ட் அடிக்கிறவன் சேர்த்து அடித்து அடைத்துவிட்டுப் போயிருந்தான். வாசல் கதவை டேரினே உள்ளேயிருந்து தாழ் போட்டிருந்தான். உலகத்தின் அந்தத் தென்கோடியில் ஜூன்தான் குளிர்காலம்; மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"தூ" என்றான் டேரின். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியாத சர்வர். இதற்கு வருஷா வருஷம் தலைக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் வேறு. விற்றவன் திருடன், வாங்கினவன் மடையன் என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டு உள்ளே போனான்.

டேரினுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம்தான். முன்பு பர்னி நகரத்தில் இதே கம்பெனி சர்வர்களை விற்கிற கடையில் பதினோரு வருஷம் இருந்தான். ஒருநாள் முதலாளி கிரேமோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அதற்குப் பிறகுதான் கட்டற்ற மென்பொருள் என்ற ஒன்று இருப்பதே அவன் மண்டையில் ஏறியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்ல விஷயம் ஒரு கர்வக்காரன் கையில் மாட்டினால் என்ன ஆகும்? பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு அதைப் பற்றியே பேசினான். மச்சினி கல்யாணத்தில் பேசினான். ஏற்கெனவே கம்பெனி சர்வர் வைத்திருந்தவர்களை மூஞ்சிக்கு நேராகவே அடிமைகள் என்றான். அடிமைகள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மார்ச் மாதம் லியோனியும் கிளம்பிவிட்டாள். பதினாறு வருஷத்துப் பெண்டாட்டி. தட்டில் சோறா சர்வரா என்று தெரியாத வீட்டில் தன்னால் இனி உட்கார முடியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியோடு அக்காள் வீட்டுக்குப் போனாள். அவள் போன மூன்றாம் நாளே, எல்லாரிடமும் இருந்த அந்த இளக்காரம் அவளிடம் மட்டும் தனக்கு இருந்ததில்லை என்று டேரினுக்குப் புரிந்தது. லேட்டாகத்தான் புரிந்தது. போனில் கெஞ்சினான். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ஒரு வேலையை, ஒரே ஒரு வேலையை, வாயால் கெடுக்காமல் முடித்துக் காட்டு, நான் வந்து பார்க்கிறேன், சேர்ந்து சாப்பிடலாம், மற்றதை அப்புறம் பேசலாம். அந்த ஒரு வேலைதான் ட்ரெலோர் நில அளவை ஆபீஸ். அவள் வருகிற நாள்தான் இன்று. ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆக, சர்வர் மாற்றுவது அவனுக்கு ஒரு சாக்கு. லியோனி வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலையையும் வாயால் கெடுக்க வெள்ளிக்கிழமையே பார்த்தான். ஆபீஸ் முதலாளி கிளைவ் ட்ரெலோர் லைசென்ஸ் கட்டணம் இல்லை என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதையும் காதில் வாங்காத ஆள். அவரால் தொந்தரவு இல்லை. நோலீன்தான் வந்து நின்றாள். முப்பத்தொரு வருஷமாக அங்கே வரைபடங்களை அடுக்கி வைக்கிறவள், அறுபதைத் தாண்டியவள், டீ போடுகிற நேரத்தில் கப்புகளைக் கையில் கோத்துக்கொண்டே சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"புதுசுலயும் ஏழு பேருக்கு மேல உள்ள விடாதபடி பண்ணிடுப்பா" என்றாள்.

"ஏழா? நீங்க ஆறு பேர்தானே?"

"வெண்டியோட ஏழு."

"வெண்டி யாரு?"

"நான் சேர்றப்பவே இருந்தா."

டேரின் சிரித்தான். அளவு வைப்பது கம்பெனிக்காரன் புத்தி, புதியதில் அப்படி எதுவும் கிடையாது, ஏழு பேரும் வரலாம் ஏழாயிரம் பேரும் வரலாம், வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க இதென்ன சினிமாக் கொட்டகையா என்று பெரிய பிரசங்கமே வைத்தான். நோலீன் முழுதும் கேட்டுக்கொண்டாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் பதில் சொன்னாள்.

"கிளைவோட அப்பா இருந்தப்ப, ஏழு பேர் விலைக்குப் பத்துப் பேருக்கு லைசென்ஸ் தர்றோம்னு கம்பெனிக்காரன் சொன்னான். வாங்கிப் போட்டோம். பத்தே நாள்ல, மூணு வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டோம். நீ என்ன வேணா பண்ணு. ஆளில்லாத பேரை மட்டும் உள்ள போட்டு வைக்காத. போட்டா, அது ஆளைத் தேடிக்கும்."

அந்தப் பத்து நாளில் என்ன ஆயிற்று என்று கேட்டான். நோலீன் கப்புகளைக் கழுவப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

பைத்தியக்காரக் கூட்டம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். இன்றைக்கு வெண்டியின் பெயரைத் திரையில் பார்த்ததும் அந்த முடிவு இன்னும் கெட்டியானது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருத்தியின் பெயரை எடுக்கத் துப்பில்லாமல் விட்டிருக்கிறார்கள், அது எங்கேயோ சிக்கிக்கொண்டு உள்ளே இருப்பதாகக் காட்டுகிறது, அதற்கு இந்த ஜனங்கள் கதை கட்டியிருக்கிறார்கள். நெட்டில் ஐந்து நிமிஷம் தேடினால் கிடைக்கிற விளக்கம். அவன் தேடவில்லை. எல்லாம் தெரிந்தவன் எதற்குத் தேடுவான்?

சர்வர் அறை என்பது முன்காலத்தில் சுரங்க வரைபடங்கள் நெருப்பில் போகாமல் இருக்கக் கட்டின பெட்டக அறை. ஒன்றரை அடிச் சுவர், ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. உள்ளே பழைய சர்வர் ஒரு மூச்சிரைப்போடு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த கோப்புகளை எல்லாம் புதியதற்கு இழுத்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. சரிபார்த்தான், சரியாக இருந்தது. அடுத்து அவன் செய்ததை, கொஞ்சம் நிதானம் உள்ள எந்தத் தொழில்காரனும் செய்யமாட்டான். புதியது ஒரு வாரமாவது ஓடட்டும் என்று பழையதை ஓரமாக வைத்திருப்பதுதான் வழக்கம். டேரின் பழைய டிஸ்க்குகளை அப்போதே அழிக்க ஆரம்பித்தான். திரும்பிப் போக வழி இருந்தால் இந்த ஜனங்கள் திங்கட்கிழமை காலை பிரிண்டர் ஒருமுறை முக்கினாலே பழையதைக் கொண்டா என்று அழுவார்கள். வழியே இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு பழகுவார்கள். அவன் சித்தாந்தம் அது.

அழிகிற வரைக்கும் திரையில் அந்த ஒரு பெயர் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் போய், விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின. அந்த அமைதியில், வெளியே கூடத்தில், யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துகொள்ளும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சின்ன முனகல் கேட்டது.

பழைய கட்டடம், குளிருக்குச் சுருங்குகிறது என்று டேரின் சொல்லிக்கொண்டான். வாய்விட்டுத்தான் சொன்னான்.

புதிய சர்வர் ஒரு தப்பும் இல்லாமல் எழுந்து நின்றது. ஆறு பேருக்கும் பெயர் போட்டான். பழைய பாஸ்வேர்டுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். கிளைவுடையது அவருடைய நாயின் பெயர், மற்ற இரண்டு பேருடையது ஊர் ஃபுட்பால் அணியின் பெயர். கேட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பார்கள். ஆளுக்கு இருபது எழுத்தில் புதிதாகப் போட்டுக் கொடுத்தான், தனக்கும் அப்படியே போட்டுக்கொண்டான். மூன்று தடவை தப்பாக அடித்தால் பத்து நிமிஷத்துக்கு உள்ளே விடாதே என்றும் ஒரு விதி வைத்தான். அதிலிருந்து தனக்கும் விலக்கு வைக்கவில்லை. முட்டாள்கள் படட்டும், அப்போதுதான் உறைக்கும் என்று விதியை எழுதும்போது நினைத்தான்.

வெண்டிக்குப் பெயர் போடவில்லை.

பிறகு கூட்டம் தாங்குகிறதா என்று பார்க்க, ஒரே வரியில் பத்தொன்பது சோதனைப் பெயர்களைப் போட்டான். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று பத்தொன்பது வரைக்கும். கம்பெனிக்காரனிடம் இதைச் செய்திருந்தால் எட்டாவது பெயரிலேயே பணம் கட்டு என்று கழுத்தைப் பிடித்திருப்பான். இது சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே போனது. இருபதாவதாக லியோனி என்று அடித்தான். சோதனைக்கு வீட்டுப் பெயரைப் போடுவது இந்தத் தொழிலில் எல்லாரிடமும் உள்ள பழக்கம்தான். நாய், பூனை, பெண்டாட்டி, எது வாயில் வருகிறதோ அது. ஆனால் அவளுடைய பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தபோது அவனுக்கு நெஞ்சு கனிந்துவிட்டது. அவள் வந்ததும் இங்கே உட்கார வைத்து, உன் பேரைப் போட்டு உள்ளே போய்ப் பார் என்று காட்டலாம் என்று ஆசைப்பட்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாங்கி வைத்து ஆறிப்போயிருந்த, சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பலகாரத்தை நின்றுகொண்டே தின்றான்.

நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. அந்த ஊரில் குளிர்காலத்துப் பொழுது சாய்வதற்குச் சத்தம் எதுவும் கிடையாது. மரமில்லாத மொட்டை மலைகள் தெருவின் கடைசியில் முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, பிறகு மழையோடு மழையாகக் காணாமல் போய்விடும், தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. சர்வர் அறையின் திறந்த கதவு வழியாக ஒரு வாசனை வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை. பல பேர் மழையில் நடந்து வந்து கோட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்த அறையில் வருமே, அந்த ஈர வெதுவெதுப்பு. அதோடு கலந்து டீ, ரொம்ப நேரம் ஊறிக் கசந்துபோன டீ.

கழுத்தைச் சொறிந்துகொண்டே டேரின் திரையைப் பார்த்தான்.

அப்போதுதான் அந்தத் தட்டல் கேட்டது. கீபோர்டில் ஒரு விசை. ஒன்றே ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. புது வேலைக்குச் சேர்ந்தவன் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அடிப்பது போல இருந்தது. அவன் எழுந்து கதவருகே போனான். நின்றுவிட்டது. கூடத்தில் ஏழு மேசைகள், ஏழு காலி நாற்காலிகள், முன்கண்ணாடியில் தெருவிளக்கின் மஞ்சள். யாருமில்லை. அவன் திரும்பினதும் மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

திரையில் ஒரு வரி புதிதாக வந்திருந்தது. சோதனை ஒன்று, உள்ளே இருக்கிறார். எந்த மேசையிலிருந்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை. வெற்றிடம்.

"கிரேம்" என்றான் டேரின் பல்லைக் கடித்துக்கொண்டு. வேறு யார்? பர்னியில் உட்கார்ந்துகொண்டு பழைய முதலாளி வேலை காட்டுகிறான். நான் ஜெயிக்கக்கூடாதே, அதுதான் வயிற்றெரிச்சல். டேரின் இணைய வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கித் தரையில் போட்டான். இப்போது வா பார்க்கலாம் என்றான்.

சோதனை இரண்டு, உள்ளே இருக்கிறார்.

சோதனை மூன்று. சோதனை நான்கு.

வயர் தரையில் கிடந்தது. இந்த அறைக்கும் வெளி உலகத்துக்கும் இடையில் இப்போது ஒன்றுமே இல்லை. அவன் அதை மறுபடி மறுபடி பார்த்தான். கூடத்தில் தட்டல்கள் பெருகின, இரண்டு கீபோர்டு, மூன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. கூடவே நாற்காலிகள் நகர்கிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம், காகிதம் புரளுகிற சத்தம், ஒரு நல்ல ஆபீசில் ஒரு நல்ல வேலை நாளில் கேட்கிற எல்லாச் சத்தமும். டேரின் இரும்புக் கதவைச் சாத்தினான்.

கதவு சாத்தினதும் சத்தம் அடங்கியது. ஒன்றரை அடிச் சுவர். ஒன்றும் கேட்கவில்லை. திரை மட்டும் நிற்கவில்லை.

சோதனை ஒன்பது. பத்து. பதினொன்று.

அழிக்கலாம். தான் போட்ட பெயர், தானே அழிக்கலாம். சோதனை ஒன்றை அழி என்று அடித்தான். இந்தப் பெயருக்குரியவர் இப்போது உள்ளே இருக்கிறார், நீக்க முடியாது என்றது சர்வர். அது சாதாரணமாகச் சொல்கிற பதில்தான். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். உரியவர் என்ற சொல்லை இன்றைக்குத்தான் படித்தான்.

பதினாலு. பதினைந்து.

அளவு. இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று எங்கேயாவது ஓர் இடத்தில் சொல்ல முடியுமா? பக்கம் பக்கமாகத் தேடினான். இல்லை. அப்படி ஒன்று கிடையாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பல் டாக்டரிடம், கல்யாண வீட்டில், அப்படி ஒன்று கிடையாது கிடையாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் அவன்தான். பழையதில் இருந்தது. பழையதை அழித்தாயிற்று.

பதினெட்டு. பத்தொன்பது.

நின்றது.

டேரின் மூச்சை விட்டான். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான். பத்தொன்பது பெயருக்கும் ஆள் வந்துவிட்டது. ஆளில்லாத பெயர் ஒன்றுதான் மிச்சம்.

லியோனி.

அவள் இப்போது வழியிலுள்ள ரோஸ்பெரி ஊரைத் தாண்டியிருப்பாள். மழையில். இந்த வாசலைப் பார்த்து வந்துகொண்டிருப்பாள். அவன் வரச் சொன்னதால்.

ஆளைத் தேடிக்கும்.

லியோனியை அழி என்று அடித்தான். கொஞ்ச நேரம் ஆகிவிட்டதால் அவனுடைய பாஸ்வேர்டை மறுபடி கேட்டது. இருபது எழுத்து. அடித்தான். தப்பு. விரல்கள் ஈரமாக வழுக்கின. மறுபடி அடித்தான். தப்பு. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தான்.

தப்பு. பத்து நிமிடம் கழித்து முயலவும்.

அந்த விதியை எழுதினவனை டேரின் கெட்ட வார்த்தையில் திட்டினான். சர்வரின் மின்சார வயரைப் பிடித்து இழுத்தான். பக்கத்திலிருந்த பேட்டரிப் பெட்டி கீச்சிட்டுவிட்டு, தன் கடமையைச் செய்தது. சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி வயரைத் தேடினான், சுவருக்குள் போட்டு மூடியிருந்தது. மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று கிளைவிடம் பீற்றிக்கொண்டு போன வாரம் அவனே போட்டு மூடினது. சர்வரின் பொத்தானை அமுக்கினான். யாராவது தெரியாமல் அமுக்கிவிடுவார்கள் என்று அதையும் அவனே செயலிழக்கச் செய்திருந்தான். அவ்வளவு கெட்டிக்காரன்.

லியோனிக்குப் போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். மறுபடி போட்டான். மறுபடி. பாஸ்வேர்டு கேட்க இன்னும் ஏழு நிமிஷம். ஆறு. வெளியே போய் வாசலில் நின்று தடுக்கலாம். கதவைத் திறக்க வேண்டும். கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும். இரும்புப் பிடியில் கை வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து வாசனை கசிந்தது. கம்பளி, கசந்த டீ.

கையை எடுத்துவிட்டான்.

லியோனிக்காக உயிரைக் கொடுப்பேன் என்று போன வாரம்தான் போனில் அழுதிருந்தான். கதவைத் திறக்கவில்லை.

மூன்று நிமிஷம். இரண்டு.

போன் அடித்தது.

"டேரின், வந்துட்டேன். ரோட்டுல ஒரு வண்டி இல்ல, அதான் சீக்கிரம்."

"எங்க? எங்க இருக்க?"

"உள்ளதான் நிக்கறேன். கதவு திறந்துதான் இருந்துச்சு." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் விசைகள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன. "லீவு நாள்ல இத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு நீ சொல்லவே இல்லியே. சின்ன ஆபீஸ்னு சொன்ன."

"வெளிய போ. லியோனி, வெளிய போயிடு, இப்பவே."

"கத்தாத. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." அப்புறம் வேறு யாரிடமோ, மரியாதையாக, "பரவால்லீங்க, நான் நிக்கறேன். ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். மறுபடி போனில், சிரிப்போடு, "பாவம், ஒரு அம்மா எழுந்து எனக்கு நாற்காலி போடறாங்க" என்றாள்.

"உக்காராத. உக்காராத லியோனி."

திரை திறந்தது. பத்து நிமிடம் முடிந்திருந்தது. ஒரு கையில் போன். ஒரு கையால் அடித்தான். லியோனியை அழி. பாஸ்வேர்டு. இருபது எழுத்தும் சரியாக விழுந்தன.

நாற்காலி முனகியது. போனில் மட்டும்.

இந்தப் பெயருக்குரியவர் இப்போது உள்ளே இருக்கிறார். நீக்க முடியாது.

அவன் கதவைத் திறந்தான்.

கூடத்தில் யாருமில்லை. ஒரு சத்தமில்லை. ஏழு மேசைகளும் காலி. வாசல் கதவின் தாழ் அவன் மதியம் போட்டது போட்டபடி இருந்தது. அந்த மூடின கதவுக்கு உட்புறம் தரைவிரிப்பில் ஈரக் காலடிகள் தொடங்கின. சின்னப் பூட்ஸ். ஒரு அவசரமுமில்லாமல், நேராக, மேசைகளை ஒட்டி நடந்து வந்தன. ஏழாவது மேசையைத் தாண்டின. அதற்கும் பின்னால், ஒன்றுமே இல்லாத வெறும் விரிப்பில், அவன் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டில், ஜோடியாகச் சேர்ந்து நின்றன. அதற்குமேல் இல்லை.

அங்கே விரிப்பில் ஐந்து பள்ளங்கள். ஐந்து சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் விழுகிற பள்ளங்கள். அதற்கு அடுத்து ஐந்து. அதற்கு அடுத்து ஐந்து. வரிசை வரிசையாக, சுவர் வரைக்கும்.

காதில் போன் இன்னும் இருந்தது. லியோனி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவள், இப்போது பத்து விரலாலும், நிற்காமல், மூச்சு விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னையும் கேக்கறாங்க, டேரின்" என்றாள், தட்டுவதை நிறுத்தாமல். "பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்காங்க. வந்து உக்காரு."

அவள் காலடிகளுக்குப் பக்கத்தில் விரிப்பு ஐந்து இடத்தில் மெதுவாக அமுங்கியது. பிறகு அந்த ஐந்து பள்ளங்களும், யாரோ பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல, அவன் நின்ற பக்கமாக நகர ஆரம்பித்தன.